மேடையில் நடந்த நிக்காஹ்

முகல்லா
ரஜப் பிறை மூன்று, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் அவத்துக்கு உம்மா எழுதுவது. உன்மீதும் உன் தங்கை அபீர்மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும். இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் ஆறாம் வகுப்பில் வாத்தியாரம்மா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள், அந்த வரியை எழுதிப் பார்த்து இரண்டு காகிதத்தைக் கிழித்துப் போட்டேன், பொய் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, சர்க்கரை அளவாகத்தான் இருக்கிறது, முழங்கால் பழையபடி. மற்றபடி நலம் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை மகனே. போனில் பேசாமல் ஏன் காகிதம் என்று கேட்பாய், என் போன் பதினெட்டு நாளாக உன் பெரியவாப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. மேல்மாடியில் அது அடிக்கும்போதெல்லாம் நீயோ அவளோ என்று இருக்கும், படியேறிப் போய்க் கேட்கத் தைரியம் வராது. பக்கத்து வீட்டு ஸுபைதா, புருஷனுக்குக் கண் ஆபரேஷன் செய்ய மலேசியாவுக்கு வருகிறாள், அவள் கொண்டுவரும் சூரைக் கருவாட்டுப் பொட்டலத்துக்குள் இதை வைத்துத் தைத்திருக்கிறேன், காகிதம் நாறினால் பொறுத்துக்கொள். முழுவதையும் படி. அடுத்த வாரம் வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு உனக்கு ஒரு அழைப்பு வரும், அதற்குள் நீ ஒரு முடிவெடுத்தாக வேண்டும், உன் தங்கையின் வாழ்வு அதில்தான் தொங்குகிறது.

மின்சாரம் வழக்கம்போல இரண்டு மணி நேரம் இருந்தால் ஆறு மணி நேரம் இருப்பதில்லை, குளிர்காலம் என்பதால் தாங்குகிறது. இந்த வருஷம் மத்தி மீன் கரையோரமாகவே கொட்டிக் கிடக்கிறது, ஆனால் எனக்கு மீன் கழுவவே பிடிக்கவில்லை, நேற்று ரொட்டியும் தேநீருமாக முடித்துக்கொண்டேன். சந்தைக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். போனால் மீன் வெட்டுகிறவன்கூட கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறான்.

உனக்குத் தெரிந்ததைத்தான் திரும்ப எழுதப் போகிறேன், ஆனால் அங்கே இருந்து நீ பார்த்தது வேறு, இங்கே இருந்து நான் பார்த்தது வேறு. உங்கள் பல்கலைக்கழகத்தில் அரபுப் பண்பாட்டு நாள் கொண்டாடினோம் என்று நீ வீடியோ அனுப்பினாயே, அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை என்னவென்று சொல்வேன். சூடான் பையன்கள் காபிக்கொட்டை வறுப்பதும், மொராக்கோக்காரன் கையை உயர்த்தித் தேநீரை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஊற்றுவதும், பாலஸ்தீனத்துப் பெண்கள் பூத்தையல் போட்ட கறுப்பு அங்கியில் நின்று எல்லோருக்கும் ரொட்டி பிய்த்துக் கொடுப்பதும், மலாய்ப் பிள்ளைகள் நம் தலைத்துணியைக் கோணல்மாணலாகக் கட்டிக்கொண்டு போட்டோ எடுப்பதும், எல்லாம் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். நம் நாட்டில் ஒருவனை ஒருவன் சுட்டுக்கொள்கிறான், அங்கே எட்டு நாட்டுப் பிள்ளைகள் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் மேளம் அடித்தது, நம் ஹத்ரமௌத் பக்கத்துக் கல்யாணம் என்று அறிவித்தார்கள், மேடையில் என் மகள். முன்னால் குட்டையும் பின்னால் தரையைக் கூட்டுகிற வாலும் வைத்த என் கல்யாண உடுப்பு. இடுப்பில் நான் கட்டியிருந்த அதே வெள்ளிப் பட்டை. நான் அழுதுவிட்டேன் அவத்து. அழுதுகொண்டே செருப்புக்கூடப் போடாமல் போனைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்கு ஓடினேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன், வேறு யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

மேலே உன் பெரியும்மா ஷைகாவோடு நாலைந்து பெண்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். அபீரைப் பார்த்ததும் எல்லோரும் ஒன்றாகக் குலவையிட்டார்கள், ஷைகாவும்தான், வருகிற ஷவ்வால் மாதத்தில் தன் மகன் மப்கூத்துக்கு வாழ்க்கைப்பட்டு மருமகளாக வரப்போகிறவள் அல்லவா. அப்புறம் நீ வந்து உட்கார்ந்தாய், உன் வாப்பாவின் தலைப்பாகையோடு. எதிரே உன் சிநேகிதன், அந்த அல்ஜீரியாப் பையன் ஸுஃப்யான். நடுவில் நிக்காஹ் முடித்துவைப்பவராக ஒரு சூடான் பையன், ஒட்டுத் தாடியோடு. இரண்டு கையையும் பிடித்து மேலே வெள்ளைக் கைக்குட்டையைப் போட்டான். நீ ஒலிபெருக்கிக்கு நேராகச் சொன்னாய், "என் தங்கை, ஃபரஜின் மகள் அபீரை, ஒரு ஜாடி தோஆன் மலைத்தேன் மஹருக்கு உனக்கு மணமுடித்துக் கொடுத்தேன்" என்று. அவன் "ஏற்றுக்கொண்டேன்" என்றான். சூடான் பையன் ஒலிபெருக்கியை அபீரிடம் நீட்டினான், அவள் "சம்மதம்" என்றாள். அங்கே மண்டபமே அதிர்ந்தது. இங்கே ஷைகா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "அடியே நிறுத்து, நிறுத்து. இவன் யார் பேரச் சொன்னான்?" என்றாள். நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், "நாடகம்தானே ஷைகா, சும்மா கேளு, எப்படிப் பேசறான் பாரு என் மகன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

பெரியவாப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் நின்றுகொண்டே மூன்று தடவை பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "அவத் உம்மா, உன் மகன் படிச்சவன்ல? நாடகம் போடறவன் எவனாச்சும் சொந்தத் தங்கச்சி பேரச் சொல்லுவானா, செத்துப்போன வாப்பா பேரச் சொல்லுவானா? ஊர்ல வேற பேரே கிடைக்கலியா அவனுக்கு?" என்று கேட்டார். குரலை உயர்த்தவேயில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அப்போதுதான் உனக்குப் போன் போட்டு, நீ "வெளையாட்டுப் பெரியவாப்பா, சும்மா வெளையாட்டு" என்று சொன்னாய். மூன்று தடவை சொன்னாய், நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அதோடு என் போனை அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து இமாமை வீட்டுக்கு அழைத்து வந்தார். நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இமாம் ஒரு வக்கீல் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். பெண்ணுக்கு வயது வந்துவிட்டதா, முன்னால் நிக்காஹ் ஆகாதவளா, வாப்பா இருக்கிறாரா, பாட்டனார் இருக்கிறாரா, இல்லையென்றால் மணமுடித்துக் கொடுக்கும் பொறுப்பு யாருடையது. பெரியவாப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, கூடப்பிறந்த அண்ணனுடையது என்றார். சாட்சி இரண்டு பேர் காதால் கேட்டார்களா என்றார் இமாம். "ரெண்டா? அறுநூறு பேர் கேட்டு, கையத் தட்டி, விசிலும் அடிச்சிருக்கான் ஹஸ்ரத்!" என்று பெரியவாப்பா சொன்னபோது அவ்வளவு நடுக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டேன். இமாம் சிரிக்கவில்லை, பெரியவாப்பாவைப் பேர் சொல்லி அழைத்தார். "மூணு விஷயத்துல வெளையாட்டும் நெசம்தான் கராமா. நிக்காஹ், தலாக், தலாக் சொன்னவள மறுபடி கூப்பிட்டுக்கறது. சின்னப் புள்ளைல எல்லாரும் ஓதினதுதான இது? வேற பேரச் சொல்லியிருந்தா வேஷம்னு விட்டுரலாம். அண்ணனே அண்ணனா உக்காந்து, தங்கச்சியத் தங்கச்சி பேராலயே கொடுத்திருக்கான். இதுல எங்க வேஷம்? அவ இப்ப இன்னொருத்தன் பொண்டாட்டி. அந்தப் பையன் வாயால விட்டாத்தான் உண்டு" என்றார். விளையாட்டு வினையாகும் என்று நான் உங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கடைசியில் அது என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த ஊரில் இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. மேல்மாடிப் பெண்கள் அன்று மாலையே நாலு தெருவுக்குச் சொல்லிவிட்டார்கள். விட்டுவிட்டால் மாப்பிள்ளை கொடுக்கவேண்டிய மஹரில் பாதி பெண்ணுக்குச் சேரவேண்டும் என்று இமாம் சொன்னாராம், அதைப் பிடித்துக்கொண்டு, "பாதி ஜாடித் தேனோட திரும்பி வருவா பாரு நம்ம கல்யாணப் பொண்ணு" என்று படிக்கட்டில் சிரிக்கிறார்கள். நான் கேட்கவேண்டும் என்றுதான் படிக்கட்டில் நின்று சிரிக்கிறார்கள்.

மப்கூத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அவனைப் பாவி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஐஸ் ஃபேக்டரியிலிருந்து தினமும் மதியம் எனக்கு ஒரு கட்டி ஐஸ் அனுப்புகிறவன், இத்தனைக்குப் பிறகும் நிறுத்தவில்லை, முன்பு தானே கொண்டுவந்து பெட்டியில் போட்டுவிட்டு ஒரு வாய் தேநீர் குடிப்பான், இப்போது வாசலில் வைத்துவிட்டுக் கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுகிறான். ஐந்து நாளைக்கு முன்னால் நான் கதவுக்குப் பின்னாலேயே காத்திருந்து சட்டென்று திறந்தேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான், முப்பத்து மூன்று வயது ஆண்பிள்ளை. "சின்னம்மா, அவளுக்கு என்னப் பிடிக்கலைன்னு ஒரு வார்த்த அன்னிக்கே சொல்லியிருந்தா நானே வாப்பாகிட்ட வேணாம்னு சொல்லியிருப்பேன். அவகிட்டக் கேட்டீங்களா நீங்க?" என்றான். நான் கேட்டேன் என்றேன். என்ன சொன்னாள் என்றான். நான் ஐஸ் கட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன், கை மரத்துப்போகிறவரை கீழே வைக்கத் தோன்றவில்லை.

என்ன சொன்னாள் என்று உனக்குச் சொல்கிறேன். மலேசியாவில் மருந்தியல் படிக்க அவளுக்கு உதவித்தொகை கிடைத்த அன்று பெரியவாப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார், மப்கூத்துக்கு நிச்சயம் செய்து பாத்திஹா ஓதிவிட்டுப் போகட்டும், இல்லையென்றால் போகவேண்டாம் என்று. நீங்கள் இருவரும் சின்னவர்களாக இருக்கும்போது உன் வாப்பா காய்ச்சலில் போனதிலிருந்து நாம் அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருக்கிறோம், அவர் போட்ட சோற்றைத் தின்று வளர்ந்தீர்கள், நான் என்ன சொல்லமுடியும். பெண்ணிடம் சம்மதம் கேட்டு வா என்று என்னை அனுப்பினார்கள். அவள் சமையலறையில் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. கல் இல்லாத இடத்தில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள், தட்டில் சொட்டுச் சொட்டாக விழுந்தது, பருப்பு நனைந்தது, நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு மேலே போய், பேசவில்லை, வெட்கப்படுகிறாள் என்றேன். கன்னிப்பெண்ணின் மௌனம் சம்மதம், அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, யாரும் மறுகேள்வி கேட்கவில்லை, உடனே பாத்திஹா ஓதினார்கள். நீ ஒருவன்தான் போனில், "அவகிட்ட நேரா கேட்டீங்களா உம்மா, என்ன சொன்னா, அவ வார்த்தைய அப்படியே சொல்லுங்க" என்றாய். நான் உன்மேல் எரிந்து விழுந்தேன். அவள் வார்த்தை என்று ஒன்று இருந்தால்தானே சொல்வதற்கு.

அந்த வீடியோவை நான் மறுபடி பார்க்க முடியாது, போன் என்னிடம் இல்லை. ஆனால் கண்ணை மூடினால் ஒவ்வொன்றாக வருகிறது. மண்டபத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள், மேடையில் மூன்று பேர் சிரிக்கவில்லை. சூடான் பையன்கூட ஒட்டுத் தாடி கழன்றதும் சிரித்துவிட்டான். நீ சிரிக்கவில்லை. உன் கை ஆடவில்லை. மேடையில் பேசுகிறவன் முக்கால் வாசி விழுங்கித்தான் பேசுவான், நீ ஒரு எழுத்து விடாமல் சொன்னாய். அந்தப் பையனுக்குக் காது சிவந்து கிடந்தது, கைதட்டலுக்குத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அபீரும் அப்படித்தான். எனக்கு முன்னால் வாயே திறக்காத என் மகள், கடைசி வரிசையில் இருக்கிறவனுக்கும் கேட்கும்படி சம்மதம் என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாக உறைத்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால் நீங்கள் கேட்டு அனுப்பிய சாமான்கள். பண்பாட்டு நாளுக்குக் கல்யாண உடுப்பு வேண்டும் உம்மா, வாடகைக்கு இங்கே கிடைக்காது, உங்களுடையதே அனுப்புங்கள். வெள்ளிப் பட்டை அனுப்புங்கள். வாப்பாவின் தலைப்பாகை. தோஆன் தேன், சந்தைத் தேன் வேண்டாம், மாமா வீட்டுத் தேன். மருதாணி இரண்டு பொட்டலம், மருதாணி வாசனைக்கே மூக்கைப் பொத்துகிறவள் கேட்டாள். நான் பைத்தியக்காரி, பட்டையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து மின்ன வைத்தேன், உடுப்பில் கழன்ற சரிகையை வைத்துத் தைத்தேன், ஊதுபத்தி வாசனை பிடித்து மடித்தேன், தேன் ஜாடி வழியில் கசியாமல் இருக்க மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றினேன். என் மகளின் கல்யாணத்துக்கு என் கையாலேயே சீர் கட்டி அனுப்பியிருக்கிறேன், எனக்குத் தெரியாமலேயே. ஒரு தாய்க்கு இப்படியும் நடக்குமா அவத்து.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. உனக்கு எட்டு வயது, இமாம் சொன்ன அந்த நபிமொழியை மனப்பாடம் செய்துகொண்டு வந்து வாப்பாவிடம் ஒப்பித்தாய். அன்று மாலை அழுதுகொண்டு வந்தாய், அபீரின் துணிப்பொம்மைக்கும் ஸுபைதா மகனின் பொம்மைக்கும் நிக்காஹ் செய்துவைத்துவிட்டேன், விளையாட்டும் நிஜம் என்கிறார்களே, இனி என்ன செய்வது என்று. வாப்பா உன்னை மடியில் போட்டுக்கொண்டு சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. "பொம்மைக்குப் பொறுப்பாளி யாருடா? நீயா? நீ வளந்து உன் தங்கச்சிக்குப் பொறுப்பாளி ஆவல்ல, அப்ப பாத்துப் பேசு. அது வரைக்கும் எத்தனை பொம்மைக்கு வேணாலும் கட்டி வை" என்றார். அதை மறக்கிற பிள்ளையா நீ. பெரியவாப்பாவிடம் விளையாட்டு விளையாட்டு என்று மூன்று தடவை சொன்னாயே, விளையாட்டு என்று சொல்வதால் ஒன்றும் அவிழாது என்று தெரிந்துதான் சொன்னாய்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்காதே. கோபம் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக்கூடாதா, பத்து மாதம் சுமந்தவளுக்கு அது கூடவா கிடையாது, மகளின் நிக்காஹில் ஒரு குலவையிடக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள்தான் உண்மை புலப்பட்டது. சொல்லியிருந்தால் நான் மேலே போய்ச் சொல்லியிருப்பேன். பயந்துகொண்டே, அழுதுகொண்டே, ஆனால் சொல்லியிருப்பேன். என் பிள்ளைகளுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது.

இப்போது பெரியவாப்பா எழுதச் சொன்னதை எழுதுகிறேன், என்னை எதிரே உட்காரவைத்து எழுதச் சொல்லி, வேறொரு காகிதத்தில் அதை எழுதி வாங்கி ஸுபைதாவிடம் கொடுத்திருக்கிறார், அதையும் அவள் உனக்குத் தருவாள். அதில் இருப்பது இதுதான். வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு அவர் உன்னைக் கூப்பிடுவார், இமாமும் இரண்டு சாட்சிகளும் இருப்பார்கள். அந்தப் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். "ஒரே தடவ தலாக்னு சொல்லச் சொல்லு, அவனுக்கு என்ன நட்டம், அவன் மூணு நிமிஷக் கல்யாணத்துக்கு மூணு செகண்ட் போதும்" என்றார். சேர்ந்து வாழாததால் அடுத்த நிக்காஹுக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லையாம். அபீர் படிப்பைப் போட்டுவிட்டு ஊர் திரும்பவேண்டும், ஷவ்வாலில் மப்கூத்துக்குக் கட்டிவைத்து ஊர் வாயை அடைப்பாராம். மப்கூத்துக்கு இப்போது விருப்பமா என்று அவனையும் யாரும் கேட்கவில்லை, ஷைகா மட்டும், "என் மகன் என்ன, அடுத்தவன் கை வெச்ச தட்டுலயா சாப்பிடணும்?" என்று தினமும் கேட்கிறாள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் என் மகள் இந்த வீட்டில் சாகிறவரை சோறு பரிமாற வேண்டும். அந்தத் தலாக் வார்த்தை வராவிட்டால், "ரெண்டு ரூமையும் காலி பண்ணிட்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேரு, உன் புள்ளைங்க பேர என் வாசல்ல எவனும் சொல்லக்கூடாது" என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் சொன்னதுதான். தோஆனில் உன் மாமா வீட்டில் மருமகள் ராஜ்ஜியம், எனக்குத் தேன் பெட்டி அடுக்கும் அறையில் ஒரு பாய் போடுவார்கள். அதைவிட, அபீர் இனி இந்த ஊரில் கால் வைக்க முடியாது. நான் அங்கே வருவதற்கு எனக்கு ஏது வழி. மலேசியாவுக்குக் கிளம்பிய அன்று பேருந்து நிலையத்தில் அவளை ஏற்றிவிட்டேனே, திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன், அவள் பார்க்கவில்லை. அதுதான் கடைசி என்று ஆகிவிடும்.

பெரியவாப்பா சொன்னது அவ்வளவுதான். இனி உன் உம்மா சொல்வதைக் கேள். வியாழக்கிழமைக்கு முன்னால் அபீரைத் தனியாக உட்காரவைத்துக் கேள். அந்தப் பையனும் வேண்டாம், சிநேகிதிகளும் வேண்டாம், மேடையும் கைதட்டலும் இல்லாமல் கேள். கோபத்தில் செய்தாளா, மப்கூத்திடமிருந்து தப்பிக்க மட்டும் செய்தாளா, இல்லை அவனோடு வாழவேண்டும் என்றே செய்தாளா என்று கேள். அவன் ரொட்டிக் கடைக்காரர் மகன் என்றும், உனக்கு டெங்கு வந்தபோது பதினோரு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தான் என்றும் நீ சொல்லியிருக்கிறாய், நான் ஐந்து வேளையும் அவனுக்காக துஆ கேட்டிருக்கிறேன், யாருக்குக் கேட்கிறேன் என்று தெரியாமல். நல்லவனாகத்தான் இருப்பான், ஆனால் அவனோடு காலம் தள்ளப்போவது நீ இல்லை. அவள் பேசாமல் இருந்தால், அவத்து, நீ எழுந்து போய்விடாதே. நான் செய்த தவற்றைச் செய்யாதே. அவள் மௌனத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய் யாரிடமும் சம்மதம் என்று கொடுக்காதே. பொழுது விடிகிறவரை ஆனாலும் உட்கார்ந்திரு, வாய் திறந்து சொல்லட்டும்.

வேண்டாம் என்று சொன்னால் வியாழக்கிழமை போனை எடு, அந்தப் பையன் சொல்லவேண்டியதைச் சொல்லட்டும், அவள் வரட்டும், நான் அவளுக்குப் பக்கத்தில் நின்று என்னால் ஆனமட்டும் அந்தப் பேச்சுகளை வாங்கிக்கொள்கிறேன். வேண்டும் என்று சொன்னால் போனை எடுக்காதே. எத்தனை தடவை அடித்தாலும் எடுக்காதே. எனக்குப் பதில் எழுதி ஸுபைதாவிடம் கொடுக்கவும் வேண்டாம், அவள் வாயில் எதுவும் நிற்காது. பெரியவாப்பா எப்போதும் சாட்சிகளுக்குக் கேட்கவேண்டும் என்று சத்தமாக வைத்துத்தான் பேசுவார், நான் படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன், மணி அடித்து அடித்து நின்றுபோவது எனக்குக் கேட்கும். அது போதும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று நினைத்துக் குழம்பாதே, நினைக்கவேண்டியதை எல்லாம் நான் நினைத்து முடித்துவிட்டேன், அழவேண்டியதையும் பாதிக்குமேல் அழுதுவிட்டேன். மூட்டை கட்ட எனக்கு என்ன இருக்கிறது, இரண்டு உடுப்பு, ஒரு குர்ஆன், உன் வாப்பாவின் போட்டோ.

இறைவன் உங்கள் இருவரையும் தன் காவலில் வைத்திருப்பானாக. உங்கள் கால் வழுக்குகிற இடத்தில் அவன் கை நீட்டட்டும். நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்ற செய்தி எந்த வழியிலாவது, யார் வாயாலாவது, அந்த மலைக்குள் இருந்தாலும் எனக்கு வந்து சேரட்டும். தொழுகையை விடாதே. மழையில் நனைந்துவிட்டு ஈரத் தலையோடு படுக்காதே. அபீருக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்று அந்தப் பையனுக்குச் சொல்லிவை.

ஒன்று மறந்துவிடாதே. அந்தத் தேன் ஜாடி உன் அலமாரியில்தான் இருக்கும், நான் ஊற்றிய மெழுகு உடையாமல் இருக்கும் என்று நினைக்கிறேன். நீயும் உன் சிநேகிதர்களும் ரொட்டிக்குத் தொட்டுக்கொண்டு காலி பண்ணிவிடாதீர்கள். அவள் வேண்டும் என்று சொன்னால் அந்த ஜாடியை அவள் கையில் கொடு. பாதி இல்லை, முழு ஜாடி. அது அவளுடைய மஹர்.

உன் உம்மா
முஸ்னா